சென்னை–லண்டன் 8,235 கி.மீ.: தூரம் மாறவில்லை, பயண நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்வரும் தோல் ஏற்றுமதியாளர்கள், பிள்ளைகளை மேல்படிப்புக்கு அனுப்பும் காட்பாடிக் குடும்பங்கள், வளைகுடாவில் வேலை பார்க்கும் மேல்விஷாரம், பேரணாம்பட்டுக்காரர்கள் என எல்லோரும் ஒரே குழப்பத்தில்தான் வந்து நிற்கிறார்கள். சென்னைக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் நேர்த்தூரம் சுமார் 8,235 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 9 மணி 9 நிமிடம் வருகிறது. டிக்கெட்டில் 10 மணி 50 நிமிடம் என்று போட்டிருக்கிறது. விமானத்தைப் பின்தொடரும் செயலியில் 10 மணி 15 நிமிடம் காட்டுகிறது. திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் போலக் குறைகிறது.

இவற்றில் எதுவும் தவறல்ல. ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது. இதோடு "வான்வெளி மூடல்" என்ற செய்தியும் சேரும்போதுதான் பயணிக்குத் தலை சுற்றுகிறது. முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம்.

தூரம் என்று எதைச் சொல்கிறோம்?

வேலூர் கோட்டையிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 113 கி.மீ. சாலையில் போனால் 130 கி.மீ.க்குக் குறையாது. வானத்திலும் இதே கதைதான். அங்கே மூன்று தூரங்கள் உண்டு.

1. பெருவட்டத் தூரம். உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதை. உலக உருண்டையில் இரண்டு ஊர்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால் நூல் படியும் கோடு அது. இணையத்தில் "விமான நிலையங்களுக்கு இடையே தூரம்" என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் இந்த எண்ணே.

2. திட்டமிட்ட தூரம். புறப்படும் முன் விமான நிறுவனம் வகுக்கும் பாதை. விமானம் குறிக்கப்பட்ட வான்வழிப் புள்ளிகளைத் தொட்டுத்தான் போகும். மூடிய நாடுகளையும், போர்ப் பகுதிகளையும், எதிர்க்காற்று பலமாக உள்ள இடங்களையும் சுற்றிப் போகும்.

3. பறந்த தூரம். மேகக் கூட்டத்தைத் தவிர்க்க விலகியது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடித்தது எல்லாம் சேர்ந்த கணக்கு.

தட்டையான உலகப் படம் இங்கே நம்மை நன்றாக ஏமாற்றும். வகுப்பறைச் சுவரில் தொங்கும் படத்தில் ஸ்கேல் வைத்துச் சென்னையையும் லண்டனையும் இணைத்தால் கோட்டின் நடுப்பகுதி சிரியாவின் கிழக்கே விழும். உண்மையான குறுக்குப் பாதை அந்த இடத்தில் ஏறக்குறைய 1,100 கி.மீ. வடக்கே, கருங்கடலின் வடகிழக்குக் கரையோரம் போகிறது. வரிசையாகச் சொன்னால் சோலாப்பூர், பாவ்நகர் பக்கம், சிந்து மாகாணத்து ஹைதராபாத் அருகே, பலூசிஸ்தான், ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலை, ஈரானின் வடகிழக்கு, காஸ்பியன் கடல், ஜார்ஜியா, கருங்கடல் ஓரம், உக்ரைனின் தென்பகுதி, போலந்து, ஜெர்மனி. இந்தப் பட்டியலை நினைவில் வையுங்கள். செய்தியில் அடிபடும் நாடுகள் எத்தனை இதில் இருக்கின்றன என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

டிக்கெட் காட்டும் கடிகாரம்

சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டுமே 2,900 கி.மீ.க்குச் சற்று மேல். பறக்கும் நேரமும் நெருங்கி வரும், நாலேகால் மணி, நாலரை மணி என்று. ஆனால் காலை 10 மணிக்குக் கிளம்பினால் துபாய் டிக்கெட்டில் 12.50 என்றும், சிங்கப்பூர் டிக்கெட்டில் மாலை 4.50 என்றும் இருக்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். ஆகவே இரண்டு நேரங்களையும் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்கக் கூடாது. "பயண நேரம்" என்று தனியாகக் கொடுத்திருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லண்டனுக்கு இன்னொரு சிக்கல். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வேறுபாடு, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. அக்டோபர் இறுதியில் பயணம் இருந்தால் டிக்கெட்டை மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது.

சக்கரம் நகர்வது முதல் சக்கரம் நிற்பது வரை

டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம். வாயிலை விட்டு விமானம் பின்னால் தள்ளப்படும் நொடி முதல், போன ஊரில் வாயிலில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். செயலி காட்டுவது பெரும்பாலும் ஓடுபாதையை விட்டு எழுந்தது முதல் தரை தொட்டது வரை. இரண்டுக்கும் இடையே 20 முதல் 40 நிமிடம் போவது சாதாரணம்.

பறக்கும் நேரத்துக்குள்ளும் முழு வேகம் எல்லா இடத்திலும் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (விமான வேகத்தை அளக்கும் அலகு) வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அது மணிக்கு 463 கி.மீ. ஏறுவதிலும் இறங்குவதிலும் சேர்த்து, முழு வேகக் கணக்கைவிடக் கால் மணி நேரம் கூடுதலாகப் போய்விடும். ஹீத்ரோ போன்ற நெரிசலான இடத்தில் இறங்குவதற்கு முன் வட்டமடிக்க வைப்பார்கள். போவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம் என்று அதற்கென்றே நான்கு காத்திருப்பு இடங்கள் உண்டு. நிறுவனங்கள் இதையெல்லாம் முன்கூட்டியே சேர்த்துத்தான் நேரம் போடுகின்றன. "அரை மணி முன்னதாகவே இறங்கிவிட்டோம்" என்று பயணி மகிழ்வதில் பாதி, அட்டவணையில் ஏற்கெனவே கூட்டி வைத்த நேரம்தான்.

நம் பக்கத்திலும் இது நடக்கும். போகி அன்று விடியற்காலை சென்னையில் புகையும் பனியும் கலந்து ஓடுபாதை தெரியாமல் போன ஆண்டுகள் உண்டு. 2018 போகியன்று விமானங்கள் பல தாமதமாயின, வேறு ஊர்களுக்குத் திருப்பியும் விடப்பட்டன. போகிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதிகாலையில் இறங்கும் விமானத்தைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

காற்றுதான் பெரிய கணக்கு

ஓடும் ரயிலில் பெட்டிக்குள் முன்னோக்கி நடப்பவர், தண்டவாளத்தை வைத்துப் பார்த்தால் ரயிலைவிட வேகமாகப் போகிறார். பின்னோக்கி நடந்தால் குறைவு. அவர் கால் வேகம் இரண்டு முறையும் ஒன்றே. விமானத்துக்குக் காற்றுதான் அந்த ரயில். போயிங் 787 அல்லது ஏர்பஸ் ஏ350 சுமார் 11 கி.மீ. உயரத்தில் மாக் 0.85 வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில், பறக்கும். அங்குள்ள குளிரில் அது மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. இது காற்றுக்குள் அதன் வேகம். தரையின் மேல் அதன் வேகம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்தது.

வடகோளத்தில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அது தெற்கே இறங்கி ஈரான், பாகிஸ்தான், வட இந்தியாவின் மேல் பலமாக இருக்கும். மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் வீசுவது அப்போது சாதாரணம். ஐரோப்பா போகும்போது அதை எதிர்த்துப் போகிறோம், வரும்போது அது தள்ளிவிடுகிறது.

போவதில் இழந்ததை வருவதில் பெற்றுவிடலாம் என்று நினைத்தால் கணக்கு இடிக்கும். 8,500 கி.மீ. பாதையில் சராசரி 100 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. எதிர்க்காற்றில் தரை வேகம் 800. நேரம் 10 மணி 37 நிமிடம்.
2. பின்காற்றில் தரை வேகம் 1,000. நேரம் 8 மணி 30 நிமிடம்.
3. போகவர மொத்தம் 19 மணி 7 நிமிடம். காற்றே இல்லை என்றால் 18 மணி 53 நிமிடம்.

எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றின் சுகம் குறைந்த நேரமே கிடைக்கிறது. அதனால் சராசரிக் கணக்கு எப்போதும் நஷ்டத்தில்தான் முடியும்.

"பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது, ஆகவே மேற்கே போனால் ஊர் நம்மை நோக்கி வரும்" என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. சென்னையில் நிற்கும்போதே விமானமும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எனவே பூமி சுற்றுவதால் நேரடி லாபமில்லை. உண்மையில் மேற்கே போவதற்குத்தான் நேரம் கூடுகிறது.

தென்னிந்தியாவுக்கென்று ஒரு விதிவிலக்கும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், நம் தலைக்கு மேலே 14–16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று இதற்குப் பெயர். 1958இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையை ஒட்டியே அதன் மையம் அமைகிறது. பயணிகள் விமானம் அதற்குச் சற்றுக் கீழே பறந்தாலும் அந்தக் காற்றின் ஒரு பங்கு கிடைக்கும். ஜூலையில் வளைகுடா போகிறவருக்கு முதல் பாதியில் எதிர்க்காற்று குறைவாக இருப்பதன் காரணம் இதுதான்.

காற்றின் பலம் எவ்வளவு என்பதற்கு 2016 அக்டோபரில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா வழக்கமான அட்லாண்டிக் பக்கம் விடாமல் பசிபிக் பக்கம் திருப்பிவிட்டது. தூரம் சுமார் 15,300 கி.மீ., பழைய பாதையைவிட 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பின்காற்றின் உதவியால் சுமார் 14 மணி 30 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போய், நேரத்தில் லாபம்!

வான்வெளி மூடினால் யாருக்கு நஷ்டம்?

2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. சில நாளில் இந்தியாவும் அப்படியே செய்தது. அந்தத் தடை மாதந்தோறும் நீட்டிக்கப்பட்டு வந்தது. "இனி லண்டன் போக இரண்டு மணி நேரம் கூடுதல்" என்று அப்போது பரவிய செய்தி டெல்லிக்காரர்களுக்கு எழுதப்பட்டது. நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மஸ்கட்டை ஒரு திருப்பு முனையாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உண்மைப் பாதை சற்று வேறுபடும், விகிதம் புரிய இது போதும்.

1. டெல்லி–லண்டன்: நேராக சுமார் 6,730 கி.மீ. மஸ்கட் வழியாக 7,790. கூடுதல் ஏறக்குறைய 1,060 கி.மீ., அதாவது ஒரு மணி 10 நிமிடம்.
2. பெங்களூரு–லண்டன்: நேராக 8,050. மஸ்கட் வழியாக 8,180. கூடுதல் 130 கி.மீ.
3. சென்னை–லண்டன்: நேராக 8,235. மஸ்கட் வழியாக 8,420. கூடுதல் 185 கி.மீ., பன்னிரண்டு பதிமூன்று நிமிடம்.

தெற்கிலிருந்து கிளம்புகிறவருக்கு அரபிக் கடல் வழி ஏற்கெனவே பெரிய சுற்று அல்ல. மேலும் அந்தத் தடை இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே. சென்னையிலிருந்து ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில் போனால் அது பொருந்தாது.

டெல்லிக்கு நேர்ந்தது வேறு. அங்கிருந்து அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டி வந்தது. சிறிய விமானங்களுக்கு எட்டாத தூரம் ஆகிவிட்டதால் அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகளை இண்டிகோ நிறுத்தியது. சுற்றுப்பாதையின் விலை நிமிடத்தில் மட்டும் இல்லை. 787 போன்ற விமானம் மணிக்கு ஏறக்குறைய 5 டன் எரிபொருள் குடிக்கும். கூடுதல் எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவே இன்னும் எரிபொருள் வேண்டும். எடை வரம்பு நெருங்கினால் சரக்கையோ பயணியையோ குறைக்க வேண்டும்.

நமக்கு உண்மையில் கவலை தர வேண்டியது மேற்கு ஆசியா. நம் மாற்றுப்பாதையே அதன் மேல்தான் போகிறது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல்–ஈரான் மோதல் தொடங்கியதும் ஈரான், இராக், ஜோர்டான் வான்வெளிகள் மூடப்பட்டன. ஜூன் 23 இரவு கத்தார் சில மணி நேரம் மூடியது. தோஹாவில் மாற வேண்டியவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். வேலூர் பக்கத்திலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்களில் நிறையப் பேர் துபாய், தோஹா, அபுதாபியில்தான் விமானம் மாறுகிறார்கள். அந்தப் பகுதியில் பதற்றம் என்று செய்தி வந்தால், பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்க்கத் தொடங்குங்கள்.

மலை, துருவம்

பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ பெருவட்டத் தூரம் சுமார் 14,000 கி.மீ. நூல் பிடித்துப் பார்த்தால் அது வடக்கே கிளம்பி இமயமலை, திபெத், சைபீரியா வழியாகப் போகும். ஆனால் திபெத்தின் மேல் பறப்பதை நிறுவனங்கள் பொதுவாகத் தவிர்க்கின்றன. கேபின் அழுத்தம் குறைந்தால் விமானி உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளுக்கான ஆக்சிஜன் பல விமானங்களில் கால் மணி நேரம் அளவுக்குத்தான் வரும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே சுமார் 4,500 மீட்டர், அதாவது 14,700 அடி. இறங்க இடமே இல்லை. ஆகவே சுற்றித்தான் போக வேண்டும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்தத் தடத்தைத் தொடங்கியபோது, அதன் முதல் விமானம், பெண் விமானிகள் மட்டுமே ஓட்ட, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் மேலாகப் பெங்களூரு வந்தது.

நீங்களே கணக்குப் போட

1. பெருவட்டத் தூரத்தை எடுங்கள். சென்னை–லண்டன் 8,235.
2. பாதை வளைவுக்கு 4 சதவீதம் கூட்டுங்கள். 8,564.
3. வேகம்: நீண்ட தூரப் பெரிய விமானத்துக்கு 900, ஏ320, 737 வகைக்கு 830.
4. காற்று: ஐரோப்பா போகச் சராசரியாக 50 கழியுங்கள், வரும்போது 50 கூட்டுங்கள். ஜனவரியில் இதைவிட அதிகம் வைக்கலாம். போக 8,564 ÷ 850 = 10 மணி 5 நிமிடம். வர 8,564 ÷ 950 = 9 மணி 1 நிமிடம்.
5. ஏறுதல், இறங்குதல், தரையில் ஊர்தல் எல்லாவற்றுக்கும் 40 நிமிடம். போக 10.45, வர 9.41.
6. கடைசியாகத்தான் நேர மண்டலம். வரிசை மாறினால் குழப்பம்.

செயலியில் வேகம் நாட் கணக்கிலும் உயரம் அடிக் கணக்கிலும் இருக்கும். ஒரு நாட் 1.852 கி.மீ. 35,000 அடி என்றால் 10.7 கி.மீ.

வேலூர் வாசலிலிருந்து

சென்னையிலிருந்து பல வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே கிளம்புகின்றன. அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். டிக்கெட்டில் 12ஆம் தேதி 02.00 மணி என்றால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 11ஆம் தேதி மாலை. பின்னாலிருந்து எண்ணுங்கள்: பல நிறுவனங்களில் கவுண்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், அதாவது 1 மணிக்கு. விமான நிலையத்தில் இரவு 11க்குள் இருக்க வேண்டும். சாலைக்கு மூன்று மணி நேரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை ஷிப்ட் மாறும் நெரிசலுக்கு ஒரு மணி நேரம். ஏழு மணிக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும். பெட்டி குறைவாக இருந்தால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, நீல வழித்தட மெட்ரோவில் நேரே விமான நிலையம் போகலாம். மெட்ரோவின் கடைசி வண்டி நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையா பெங்களூருவா என்பது அடுத்த கேள்வி. பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வேலூரிலிருந்து இருநூறு கி.மீ.க்கு மேல், சாலையில் இரண்டு மணி நேரம் போல அதிகம். போகும் ஊருக்குப் பெங்களூருவில் நேரடி விமானம் இருந்து சென்னையில் இல்லை என்றால் இந்த இரண்டு மணி நேரம் லாபமே, ஏனென்றால் நடுவில் மாறுவதில் மூன்று மணி நேரமாவது போகும். இரண்டிலும் நேரடி விமானம் இருந்தால் சென்னைதான். வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரத்து விமான நிலைய ஓடுபாதை சிறு விமானத்துக்கானது. வெளிநாட்டுக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

இணைப்பு விமானம் எடுப்பவர்கள் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், ஒரே டிக்கெட்டில் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராதவர், அவ்வளவுதான். விலைக்காகப் பிரித்து எடுத்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால், நடுவில் இருக்கும் நாட்டுக்குள் நுழைய விசா தேவையா என்பதையும் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.